முகத்துக்குப் போடும் கிரீம் பற்றி ஒரு விஷயம் – நீளமான பதிவு, தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்

குன்றத்தூரில் எல்லோரும் நலம். எனக்கு மூட்டுவலி மட்டும் வழக்கம்போல.

"டீச்சர் இந்த வயசுல முகத்துக்குக் கிரீம் பத்தி எழுத வந்துட்டாங்களா" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். இதில் நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அந்தத் தப்பில் உங்களில் யாராவது மாட்டியிருக்கலாம். அதற்காகத்தான் மூன்று நாளாக உட்கார்ந்து போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முகத்துக்கு என்று எதையும் போட்டுப் பழகியவள் இல்லை நான். எங்கள் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய், தேய்த்துக் குளிக்கப் பயத்தமாவு, பூசுவதற்குக் கொஞ்சம் மஞ்சள். 1977-ல் ஆசிரியர் பயிற்சிக்குப் போய் விடுதியில் சேர்ந்த பிறகுதான் ஸ்னோ டப்பாவையே கிட்டத்தில் பார்த்தேன். ஃபேர் அண்ட் லவ்லி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஒரு ட்யூபை வாங்கி நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஊருக்குப் போகிறவளுக்கு அந்த வாரம் முழு ட்யூபும் சொந்தம். (அந்தக் கிரீமின் பெயரை 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் மாறினார்களா என்று கேட்காதீர்கள்.) எனக்கு அதிலெல்லாம் நாட்டமில்லை. வேலைக்கு வந்த பிறகு சாக்பீஸ் தூள்தான் என் பவுடர்.

2018-ல் ஓய்வு பெற்றேன். அறுபது தாண்டியதும் தோல் மாறிவிட்டது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்குத் தோலில் எண்ணெய் சுரப்பது குறைந்துகொண்டே வரும். அது நோய் இல்லை, வயசு. 2022-ல் பையன் என் அறைக்கு ஏசி மாட்டிக் கொடுத்தான். நானோ காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் சோப்புப் போட்டு முகம் கழுவுகிறவள். வகுப்பறைப் பழக்கம். 2023 மார்கழியில் இரண்டு கன்னத்திலும் செதில் செதிலாக உரிந்தது. சிரித்தால் தோல் இழுத்தது. குங்குமம் வைத்த இடம் எரிந்தது.

ஒரு மருந்துக் கடைக்குப் போய், "தம்பி, முகம் வறண்டு போச்சு, ஏதாவது கிரீம் குடுப்பா" என்றேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. அந்தக் கடையில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. அந்தப் பையன் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஒரு சின்ன ட்யூபை எடுத்துப் போட்டான். "இதப் போடுங்கம்மா, நல்லாப் போகுது, எல்லாரும் இதான் வாங்குறாங்க."

போட்டேன். நாலே நாளில் எரிச்சல் போயிற்று. பத்து நாளில் செதில் போயிற்று. ஒரு மாதத்தில் கண்ணாடியில் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது, அப்படி ஒரு பளபளப்பு. சித்திரைக்குள் தெருவில் எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆவணியில் எங்கள் நாத்தனார் மகள் கல்யாணம். மண்டபத்தில் மணப்பெண்ணைப் பார்த்தவர்களைவிட என்னைப் பார்த்தவர்கள் அதிகமோ என்று தோன்றியது. எனக்கு அது பிடித்திருந்தது. அறுபத்தைந்து வயசில் யாராவது முகத்தைப் பார்த்து "நல்லா இருக்கீங்க" என்றால் பிடிக்காமல் இருக்குமா?

கேட்டவர்களுக்கெல்லாம் ட்யூபின் பெயரைச் சொன்னேன். எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர். நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரம்மா, தினமும் பூ கொடுக்க வரும் அம்மா, என்னிடம் படித்து இப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண். ஐந்தாவது ஆளைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் பெண் வீட்டுக்கு வந்தாள். பெயர் வேண்டாம், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டே உள்ளே வந்தாள். எடுத்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கன்னம் முழுக்கச் சிவப்பு. மெல்லிய நூல் மாதிரி ரத்தக் குழாய்கள் தெரிந்தன. வாயைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளம். தாடையோரம் பூனை முடி. இருபத்து நாலு வயசு.

"வெயில்ல கால் வெச்சா எரியுது டீச்சர். கிரீம ஒரு நாள் விட்டா இன்னும் எரியுது. அதனால விடாமப் போட்டுட்டு இருக்கேன்."

"எப்பலேருந்து போடுற?"

"நீங்க சொன்னதுலேருந்துதான். நீங்க சொன்னீங்கன்னுதான் டீச்சர் போட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். விடுதியில் கூடத் தங்கியிருக்கிற இரண்டு பெண்களுக்கும் அவள் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். "எங்க டீச்சரே போடுறாங்க" என்று சொல்லிக் கொடுத்தாளாம்.

அப்போதுதான் நான் போய்க் கண்ணாடியை ஒழுங்காகப் பார்த்தேன். என் கன்னத்திலும் அதே நூல் இருந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறு வாரம் இரண்டு பேருமாக அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குப் போனோம். காத்திருந்த வரிசையில் எங்களை மாதிரியே சிவந்த முகங்கள் நாலைந்து இருந்தன. டாக்டரம்மா சின்ன வயசுதான். ட்யூபைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்து, "அம்மா, நீங்க டீச்சர்தானே, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க" என்றார்கள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். ட்யூபில் சிவப்புக் கோடு. ஆர்எக்ஸ் என்ற குறி. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் மூன்று பெயர்கள்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், மோமெடசோன். பத்து மாதம் தினம் கையில் எடுத்த ட்யூப். முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவள், ஒரு நாள்கூட அதை வாசிக்கவில்லை.

டாக்டரம்மா விளக்கினார்கள். மோமெடசோன் ஒரு ஸ்டீராய்டு. எரிச்சலையும் சிவப்பையும் உடனே அடக்கும், அதனால்தான் நாலு நாளில் அந்த அதிசயம். மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோலை மெலிய வைக்கும், ரத்தக் குழாய் தெரியும், பரு வரும், முடி வளரும், விட்டால் இன்னும் அதிகமாக எரியும். ட்ரெட்டினோயின் மேல்தோலை உரித்துப் புதுத்தோலைக் கொண்டுவரும், அதுதான் பளபளப்பு. ஹைட்ரோகுயினோன் நிறத்தைக் குறைக்கும். இந்த மூன்று மருந்துச் சேர்க்கை என்கிற யோசனை 1975-ல் அமெரிக்காவில் க்ளிக்மன் என்ற தோல் மருத்துவரும் அவருடன் சேர்ந்தவரும் வெளியிட்டது. முகத்தில் வரும் மங்குக்காக, மருத்துவர் பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும் போட வேண்டிய மருந்து. வறண்ட தோலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் ட்ரெட்டினோயின் தோலை இன்னும் வறள வைக்கிற சரக்கு. வறட்சிக்கு என்று கேட்டவளுக்கு வறட்சியை உண்டாக்குவதைக் கொடுத்திருக்கிறார்கள், ஸ்டீராய்டு அதை மூடி மறைத்திருக்கிறது.

இந்த ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. தோல் மருத்துவர்கள் சங்கம் பல வருஷம் சொல்லிச் சொல்லி வந்த மாற்றம் அது. இப்படிக் கெட்டுப்போன முகத்துக்கு டாக்டர்கள் ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பேருக்கு ஆகியிருக்கிறது. விதி இருக்கிறது. கடையில் கேட்டால் கிடைக்கவும் செய்கிறது.

எனக்கும் அவளுக்கும் தனித்தனியாக மருந்து எழுதினார்கள். அதை இங்கே எழுத மாட்டேன், ஒவ்வொருவருக்கும் வேறு. ஒன்று மட்டும்: இந்த மாதிரி ட்யூபை மாதக்கணக்கில் போட்டவர்கள் பயந்துபோய்த் தாங்களாக ஒரே நாளில் தூக்கிப் போட்டால் முகம் சிவந்து பொங்கும். பொங்கியதைப் பார்த்துப் பயந்து மறுபடி அதையே போடுவார்கள். அதனால் தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். கையோடு ட்யூபை எடுத்துப் போங்கள்.

அடுத்து அவர்கள் சொன்னதுதான் இந்தப் பதிவின் தலைப்பு. "இனிமே சாதாரண மாய்ஸ்சரைசர் மட்டும் போடுங்க. எதுன்னு பார்த்து வாங்கத் தெரியுமா?" தெரியாது என்றேன். வாசலில் அறுபது பேர் காத்திருக்கும்போது பத்து நிமிஷம் எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். மீதியை நான் படித்தும், மாணவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

முதல் பாடம், வறண்ட தோல் வேறு, நீர் குறைந்த தோல் வேறு. என்னுடையது வறண்ட தோல். எண்ணெய்ப் பசையே குறைவு. கை, கால், முகம் எல்லாம் ஒரே மாதிரி காய்ந்து கிடக்கும். ஒரகடம் பெண்ணுக்கு ஆரம்பத்தில் இருந்தது அது இல்லை. மூக்கும் நெற்றியும் எண்ணெய் வழியும், ஆனால் கன்னம் இழுக்கும், மெல்லிய கோடு விழும். எண்ணெய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. எட்டு மணி நேரம் ஏசி ஹாலில் நிற்கிறாள். வெளியே நம்ம ஊர்க் காற்றில் கையை வைத்தால் ஈரம் ஒட்டும், உள்ளே ஏசி அந்த ஈரத்தை எடுத்துவிடும். ஷிஃப்ட் முடிந்து விடுதிக்கு வந்ததும் எண்ணெய் போகட்டும் என்று சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுவாள். இருக்கிற காப்பும் போய்விடும். இந்த வரிசையில் எத்தனை ஆயிரம் பெண்கள் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு என்று திறந்த குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அங்கே ஒரு அறையில் ஒரு ட்யூப் நுழைந்தால் போதும்.

நிறையத் தண்ணீர் குடித்தால் முகம் ஈரமாகிவிடும் என்று சொல்வார்கள். நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் குடியுங்கள், உடம்புக்கு வேண்டும். ஆனால் குடித்த தண்ணீர் நேராகக் கன்னத்துக்குப் போகாது. தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. காய்ந்த செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்புதான் சாந்து. இந்தச் செங்கல் உவமை நான் சொல்வது இல்லை, விஞ்ஞானிகளே அப்படித்தான் சொல்கிறார்கள். சாந்து உதிர்ந்த சுவர் வழியாக உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

மாய்ஸ்சரைசர் என்று விற்பதில் மூன்று வகைச் சரக்கு இருக்கும். நீரைப் பிடித்து வைப்பது ஒன்று: கிளிசரின், ஹையலூரானிக் அமிலம், யூரியா. சாந்து மாதிரி இடுக்கை நிரப்புவது ஒன்று: செராமைடு, கொழுப்பு அமிலங்கள், சில எண்ணெய்கள். மேலே மூடி போடுவது ஒன்று: பெட்ரோலியம் ஜெல்லி, டைமெதிகோன். நல்ல கிரீமில் மூன்றும் ஏதோ ஒரு அளவில் இருக்கும். வறண்ட தோல் என்றால் இரண்டாவதும் மூன்றாவதும் அதிகம் இருக்கிற கெட்டியான கிரீம். எண்ணெய் வழிந்து நீர் மட்டும் குறைந்த தோல் என்றால் முதல் வகை அதிகம் இருக்கிற லேசான லோஷன் அல்லது ஜெல். என் டப்பாவை அவளுக்குக் கொடுத்தால் பரு வரும். அவளுடையதை நான் போட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி இழுக்கும். ஒருத்தருக்கு ஒத்துக்கொண்டது இன்னொருத்தருக்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைத்ததுதானே என் தப்பின் ஆரம்பமே.

டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்களைப் பெரும்பாலும் அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதியிருப்பார்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் செராமைடு என்று போட்டிருந்து, பின்பக்கம் வாசனைத் திரவியத்துக்குக் கீழே அந்தப் பெயர் வந்தால் அது பெயருக்குத்தான். எரிகிற முகத்துக்கு வாசனை இல்லாததே நல்லது. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'மணமற்றது' என்று எழுதியிருக்கும் சிலவற்றில் வேறு வாடையை மறைக்க வாசனைப் பொருளே சேர்த்திருப்பார்கள். சேர்மானப் பட்டியலில் பர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இயற்கை, மூலிகை, தோல் மருத்துவர் பரிசோதித்தது என்ற வார்த்தைகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். யூரியா நல்ல சரக்குதான், ஆனால் முகத்துக்கு 5 சதவீதம் அளவில் போதும். குதிகால் வெடிப்புக்கு வைத்திருப்பதை எடுத்து முகத்தில் தடவக் கூடாது. கெட்டுப்போன முகத்தில் யூரியா எரியும், எங்கள் இருவருக்கும் டாக்டரம்மா அதை வேண்டாம் என்றார்கள்.

பெட்ரோலியம் ஜெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. ராபர்ட் செஸ்ப்ரோ என்ற அமெரிக்கர் 1872-ல் காப்புரிமை வாங்கிய சரக்கு. எண்ணெய்க் கிணற்றுக் கம்பிகளில் படிந்த மெழுகைப் பார்த்துப் பிடித்தார். நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது, மூடி போடும் வேலையில் அதை மிஞ்சியது இன்னும் வரவில்லை என்கிறார்கள். நான் இப்போது இரவில் கிரீமுக்கு மேல் கன்னத்தில் மட்டும் பட்டாணி அளவு தடவுகிறேன். விலை உங்களுக்கே தெரியும். ஆயிரம் ரூபாய் டப்பாதான் நல்லது என்று யாரும் பயமுறுத்த வேண்டாம்.

எப்படிப் போடுவது என்பதும் முக்கியம். முகத்தைத் துடைத்துக் காயவிட்டு, காபி குடித்துவிட்டு, சீரியல் பார்த்துவிட்டுப் போடக் கூடாது. கழுவி, துண்டால் ஒற்றி எடுத்ததும், ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் போட வேண்டும். நீரைப் பிடித்து வைக்கிற சரக்குக்குப் பிடிக்க நீர் வேண்டும் அல்லவா? நம் வீடுகளில் சுத்த கிளிசரினை அப்படியே முகத்தில் தடவுவோமே, காய்ந்த காற்றில் அது உள்ளே இருக்கும் நீரையே இழுக்கும். தண்ணீரோ பன்னீரோ கலந்து போட்ட அந்தக் காலத்துப் பாட்டிகள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

சோப்பு. நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது. குளியல் சோப்பு காரம். மூன்று வேளை சோப்பை நான் விட்டுவிட்டேன். காலையில் வெறும் தண்ணீர், இரவில் ஒரு முறை சோப்பில்லாத முகக் கழுவி. பாதி வறட்சி இதிலேயே போயிற்று. முதலிலேயே இதைச் செய்திருந்தால் அந்தக் கடைக்கே போயிருக்க வேண்டாம். எலுமிச்சம்பழம் தேய்க்கிறவர்கள், தக்காளி தேய்க்கிறவர்கள் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயை உடம்புக்குத் தாராளமாகத் தடவலாம். பரு வருகிற முகத்துக்கு அது ஆகாது.

எந்தப் புது கிரீமாக இருந்தாலும் முதலில் முழங்கை மடிப்பில் அல்லது காதுக்குக் கீழே மூன்று நாலு நாள் தடவிப் பாருங்கள்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். இதையெல்லாம் எங்கள் 2005-ஆம் வருஷத்து ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கார் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் இருக்கிறான். "டீச்சர், டைமெதிகோன்னு சொன்னீங்களே, அது சிலிக்கோன். அது இருக்கிற கிரீம் போட்டுட்டு நாங்க பெயின்ட் ஷாப்புக்குள்ள காலே வைக்க முடியாது" என்றான். சிலிக்கோன் ஒரு துளி பட்டாலும் கார் மேல் பெயின்ட் ஒட்டாமல் சின்னச் சின்னக் குழி விழுமாம். மீன் கண் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சென்ட், ஹேர் ஜெல், கை கிரீம் எல்லாவற்றுக்கும் உள்ளே தடை. வாய்ப்பாடு ஒப்பிக்காமல் என்னிடம் அடி வாங்கியவன் எனக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தான். ஆகவே பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கும் பிள்ளைகள், சிலிக்கோன் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சேர்மானத்தில் 'மெதிகோன்' என்றோ 'சிலோக்சேன்' என்றோ முடிகிற பெயர் இருந்தால் அது சிலிக்கோன் வகை. உங்கள் மேற்பார்வையாளரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது பயமுறுத்துவதற்கு இல்லை. விலாசம் இல்லாத கிரீமை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி ஐந்தும் டப்பாவில் இருக்க வேண்டும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2023-ல் ஒன்றைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் போகிறது என்று வந்தவர்களில் ஒரு அபூர்வ வகை நோய் திரும்பத் திரும்பத் தென்பட்டது. விசாரித்தால் பெரும்பாலோர் முகம் வெளுக்கும் கிரீம் போட்டவர்கள். அந்தக் கிரீம்களில் பாதரசம் இருந்தது. நம் நாட்டு விதிப்படி முகப் பூச்சில் பாதரசம் சேர்க்கவே கூடாது, தெரியாமல் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும்போது அத்தை பாசமாக வாங்கி வருகிற கிரீமாக இருந்தாலும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அத்தை கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, இப்போது எங்கள் கதை. எனக்கு எரிச்சல் அடங்க நாலு மாதம் ஆயிற்று. நூல் நூலாகத் தெரிவது இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். ஒரகடம் பெண்ணுக்கு முதல் ஆறு வாரம் நரகம். முகம் பொங்கி, மாஸ்க் உரசி, வேலைக்கு விடுப்புப் போட்டுச் சம்பளம் பிடித்தார்கள். அந்தச் சம்பளத்தை நான் கொடுக்கிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டாள். எட்டு மாதம் கழித்து இப்போது முக்கால்வாசி சரியாகிவிட்டது. வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் இல்லாமல் கிளம்புவதில்லை. அறையில் இருந்த இரண்டு பெண்களையும் அவளே டாக்டரிடம் கூட்டிப் போனாள். நாத்தனாரிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது, "நான் அப்பவே விட்டுட்டேன் அண்ணி, எனக்கு அது வாடை புடிக்கல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். என் நாத்தனாரின் குறை கண்டுபிடிக்கும் குணத்துக்கு முதல் முறையாக நன்றி சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரம்மா மருத்துவரிடம் போய்வருகிறார்கள். பூக்காரம்மா அந்த ட்யூபை வாங்கவே இல்லை. "அந்தக் காசுக்கு ரெண்டு நாளைக்கு உதிரிப்பூ வாங்குவேன் டீச்சரம்மா" என்றார்.

மிச்சம் ஒருத்தி.

2024 ஆடிக் கிருத்திகை அன்று நம் குன்றத்தூர் முருகன் மலைப் படிக்கட்டில், பாதி வழியில் நான் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்து காலைத் தொட்டு, "டீச்சர், என்னத் தெரியுதா? உங்ககிட்ட மூணாவது படிச்சேன்" என்றாள். மாம்பழக் கலர் புடவை. இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை, மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தது. கணவர் பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தெரியுது என்று பொய் சொன்னேன். பிரசவத்துக்கு அப்புறம் முகம் வறண்டு கறுத்துவிட்டது என்று சொல்லி, என் முகத்துக்கு என்ன போடுகிறேன் என்று கேட்டாள். நான் பெயரைச் சொல்லச் சொல்ல அவள் போனில் தட்டிக்கொண்டாள். எழுத்து சரியா என்று என்னிடம் காட்டிச் சரி பார்த்துக்கொண்டாள். அப்புறம் கூட்டம் தள்ளியது, மேலே போய்விட்டாள். எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட நான் கேட்கவில்லை. ஆறேழு மாதமாக ஒவ்வொரு கிருத்திகைக்கும் அந்தப் படியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அம்மா, நீ இதைப் படித்தால் முதலில் அந்த ட்யூபைத் திருப்பிப் பார். சிவப்புக் கோடு இருக்கும். தோல் மருத்துவரிடம் போ, குழந்தைக்குப் பால் கொடுக்கிறாய் என்றால் அதையும் சொல். குழந்தை முகத்தை உன் கன்னத்தில் வைத்துக்கொள்ளும் முன் கழுவிக்கொள். செலவைப் பற்றி யோசிக்காதே, அரசு மருத்துவமனையில் காசு இல்லை, வெளியில் பார்த்தால் நான் தருகிறேன். உன் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை, மன்னித்துக்கொள். எனக்கு இன்பாக்ஸில் ஒரு வரி எழுது.

மற்றவர்கள், 2000-லிருந்து 2010 வரை என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண்கள் யாருக்கெல்லாம் 2023 வாக்கில் குழந்தை பிறந்தது என்று உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டுப் பாருங்கள். அவள் கிடைக்கும் வரை இந்தப் பதிவைப் பகிருங்கள்.